பார்த்தவர்: இருபத்தேழு

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல; துணி தேய்க்கும் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை என்பதால் அது குறைய வழியில்லை. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஞாயிற்றுக்கிழமை உங்கள் தொழிற்சாலை வாசல் போனில் உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். எனக்கு மிஞ்சுவது "நல்லா படி" மட்டும். ரகசியம் வெளியே போய்விடும் என்று உங்கள் செல்போன்களை வாங்கிப் பூட்டிவைப்பது கொடுமைதான். ஆனால் அதனால் எனக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள் என்று உள்ளூர ஒரு சந்தோஷம். மன்னித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பள்ளியில் கணினிப் பிரிவு தொடங்குகிறது. சேர்கிறவர்கள் சொந்தமாக லேப்டாப் வைத்திருக்க வேண்டும். நீ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாய். நேற்று அம்மாவோடு கடைக்குப் போனேன். நம் கைக்கு எட்டுவதில் மூன்று இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு கம்பெனி. நிறத்தை வைத்துப் பெயர் வைத்துவிட்டேன்: வெள்ளி, கருநீலம், சாம்பல். மூன்றுக்கும் எட்டு ஜிபி ரேம். மூன்றுக்கும் ஒரே அளவுத் திரை. வெள்ளி எடை குறைவு. கருநீலத்தின் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குமாம். சாம்பலைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. அழுக்குத் தெரியாது என்று அம்மா சொன்னாள்.

"எதுப்பா நல்லது?" என்று அம்மா கடைக்கார அண்ணனிடம் கேட்டாள்.

"மூணுமே நல்லதும்மா."

"அப்புறம் எதுக்கு மூணு வெச்சிருக்கீங்க?"

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

நான் அட்டவணை ஒன்று போட்டிருக்கிறேன். நீயோ லேப்டாப் செய்யும் இடத்திலேயே இருக்கிறாய். எதை வாங்கலாம் என்று எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
புழு

ஜூன் 27

என் புத்தகப் புழுவுக்கு,

நல்லாத்தான் இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. முடிதான் கொட்டுகிறது, தண்ணீர் அப்படி. அம்மாவிடம் சொல்லாதே, போனில் எண்ணெய் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

உன் அட்டவணையைப் படித்து மேல்கட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். மேல்கட்டில் என்றால் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவள். இரண்டு வருடமாக அவள் கால்தான் என் வானம்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே விடாதே. உன் வெள்ளி, கருநீலம், சாம்பல் மூன்றும் எங்கள் ஷெட்டில் ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்று. கடைசி மேஜையில் மூடி மாறும், பெயர் மாறும், பெட்டி மாறும். அதற்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி கடையில் நிற்கும்.

என் வேலை அதற்குச் சற்று முன்னால். இருட்டு அறை. திரை ஒவ்வொன்றையும் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிக் காட்டும். திரை என்பது லட்சக்கணக்கான புள்ளி, தெரியுமா? எல்லாம் சொன்னபடி எரிய வேண்டும், சொன்னபடி அணைய வேண்டும். ஒன்றே ஒன்று அடம் பிடித்தாலும் நான் பிடித்துவிடுவேன். "இவ கண்ணு கண்ணில்ல, பூதக்கண்ணாடி" என்று மேற்பார்வையாளரே சொல்லியிருக்கிறார். நான் பார்த்து விட்ட திரையின் பெட்டியில் ஓரமாக ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு இருக்கும்: தேதி, அதற்குக் கீழே "பார்த்தவர்: 27". அந்த இருபத்தேழு உன் அக்கா.

அதனால் எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இருபத்தேழு கிடைத்தால் எடு.

அம்மாவை நிற்க வைக்காமல் ஒரு ஸ்டூல் கேட்கச் சொல்.
அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தோம் என்று எழுதினால் அது பொய். நான் குதித்தேன். ரகசியத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா வெளியாளா?

ஸ்டூல் கேட்டாளாம். "உக்காந்துகிட்டே தேய்க்கணும்னா வீட்லயே உக்காந்துக்கோ" என்றாராம் முதலாளி. ஆக, முழங்கால் அப்படியே.

அட்டவணையைக் கிழிக்கவில்லை, திருத்தினேன். உள்ளே ஒன்றென்றால் வெளியேதானே வித்தியாசம்? கீல், கீபோர்டு, திரையின் மேல்பூச்சு ஆகியவற்றுக்குத் தனி வரி சேர்த்தேன். நூலகக் கணினியில் தேடினால் வெள்ளியின் கீல் தேர் மாதிரி உறுதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதே கீல் ஆறே மாதத்தில் கையோடு வந்துவிட்டது என்று அடுத்தவர். இரண்டு பேருமே முழு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்கடி" என்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். கோடு போட்ட தாளில் எழுதியும் உன் வரிகள் எல்லாம் வலது பக்கம் சரிந்து கீழே இறங்குகின்றனவே, ஏன்? பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் (ஒப்பிடுவது இப்போது வியாதியாகிவிட்டது). அவை நேராக இருக்கின்றன. ஓடும் பேருந்தில் எழுதினாயா?

மேல்கட்டில் அக்காவின் கால்களுக்கு என் வணக்கம்.

புழு

ஆகஸ்ட் 19

புழுவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. ஓவர்டைம். உடம்பு ஒன்றுமில்லை. அறையில் பல்பு மங்கல், படுத்துக்கொண்டே எழுதினேன், அதனால் சரிந்திருக்கும்.

இருட்டறையில் இப்போது கெடுபிடி. போன மாதம் நான் நிறையத் திரைகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன் என்று திட்டு. அதற்கப்புறம் சரியாகிவிட்டது.

நீ எப்போது வாங்கப் போகிறாய்? அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் முடித்தாலும் நல்லதுதான். உனக்கு வேண்டிய அளவு பார்த்து வாங்கு. அவசரமில்லை.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. எழுத்துகள் இவ்வளவு பெரியதாகவும் இருந்ததில்லை. முதல் வகுப்புக் குழந்தை சிலேட்டில் எழுதுவது மாதிரி 'ழு' அரைப் பக்கத்துக்கு நிற்கிறது. கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. பல்பை மாற்றச் சொல்.

"அவசரமில்லை" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய். ஒரு முறை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். ஆனால் கடைக்கார அண்ணன் வேறு மாதிரிச் சொல்கிறார். அக்டோபரில் புதிய மாடல் வருமாம், அப்போது இந்த மூன்றும் விலை இறங்கி வருமாம். காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. சரிதானே?

இதற்கிடையில் பெட்டிகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன். கடையின் பின்பக்கம் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக ஓரத்தைப் புரட்டினேன். ஒன்பது வந்தது, முப்பத்தொன்று வந்தது, பதினான்கு வந்துகொண்டே இருந்தது. இருபத்தேழைக் காணோம்.

"எல்லாரும் மூஞ்சியப் பாத்து வாங்குவாங்க. நீ என்னம்மா முதுகப் பாக்கற?" என்றார் அண்ணன்.

"எங்க வீட்டு ஆளத் தேடறேன்" என்றேன். "பெட்டிக்குள்ளயா?" என்றார். புரியாமலே சிரித்துவிட்டுப் போனார்.

அக்கா, அந்த எண்ணைத் தேடும்போது நீயே அந்த அடுக்கில் எங்கோ நிற்கிற மாதிரி இருக்கிறது.

பெரிய கடிதமாக எழுது.
புழு

செப்டம்பர் 26

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் சின்னக் காயம், நான் சொல்லச் சொல்ல மேல்கட்டில் எழுதுகிறாள். (இவள் வேகமாகச் சொல்கிறாள், நான் என்ன டைப் மெஷினா? எழுத்துப் பிழை இருந்தால் என்னைச் சேராது. மே.க.)

உடம்புக்கு வேறு ஒன்றுமில்லை. பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நல்லதுதான். ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது. இரண்டு வருடம் இருட்டில் உட்கார்ந்தவளுக்கு இது விடுமுறை மாதிரி.

ஒரு விஷயம் கவனி. இருபத்தேழாம் எண்ணை இப்போது வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டுச்சீட்டில் தேதியையும் பார். ஆகஸ்ட் வரைக்கும்தான் அது நான்.

அக்டோபர் வரை காத்திருப்பது சரிதான். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய்.

அம்மாவிடம் காயத்தைச் சொல்ல வேண்டாம்.

அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறேன்.

கிடைத்துவிட்டாய்! கருநீலம் இல்லை, வெள்ளியும் இல்லை, அட்டவணையில் கடைசியாக இருந்த சாம்பல். அடுக்கின் அடியில், சுவரை ஒட்டி. ஆகஸ்ட் மாதத்துத் தேதி. பார்த்தவர்: 27. "இதுதான்" என்று நான் கத்தியதில் அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

"திறந்து காட்டறேன், எல்லாம் சரியான்னு பாத்துக்கோ" என்றார்.

"வேணாம். எங்க அக்கா பாத்துட்டாங்க."

அம்மா வழியெல்லாம் பெட்டியை என்னிடம் தரவே இல்லை, முழங்கால் வலியோடு அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இப்போது அது என் முன்னால் மேஜைமேல் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. முதலில் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். எழுதியாயிற்று. திறக்கப் போகிறேன்.

இருபத்தேழின் தங்கை,
புழு

அக்டோபர் 21

(இந்தத் தாள் மேல்கட்டில் அக்காவுக்கு மட்டும். தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காதீர்கள்.)

மேல்கட்டில் அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதோடு இருக்கும் இன்னொரு தாள் அக்காவுக்கு. அதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டுவது நீங்கள்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன கடிதத்தை நீங்கள் எழுதினீர்கள். வலது கையில் காயம் என்று சொல்லியிருந்தது. ஆனால் கடைசியில் 'அக்கா' என்பது அவளே போட்ட கையெழுத்து. அந்தச் சுழியை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஒரு நடுக்கமும் இல்லாமல், அழகாக, உங்களுடைய கடைசி வரியின் மேலேயே ஏறி விழுந்திருக்கிறது. கைக்கு ஒன்றும் இல்லை. தாளில் ஏற்கனவே எழுத்து இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று லேப்டாப்பைத் திறந்து, அக்கா எழுதியபடியே நிறங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சந்தேகத்தால் இல்லை. அவள் வேலையை ஒரு முறை நானும் செய்து பார்க்கலாம் என்று ஓர் ஆசை. வெள்ளை சரியாக இருந்தது. கருப்பில், மேலே இடப்பக்கம், பச்சையாக ஒரு புள்ளி. ஊசிமுனை அளவுதான் இருக்கும். அணையவே மாட்டேன் என்கிறது. தூசி என்று நினைத்து மூன்று முறை துடைத்தேன்.

பூதக்கண்ணாடி என்று பெயர் வாங்கியவள் இதை எப்படி விட்டாள்? அக்காவின் கண்ணுக்கு என்ன? எனக்கு உண்மை வேண்டும். நான் சின்னப் பெண்தான், ஆனாலும் எழுதுங்கள்.

புழு

நவம்பர் 12

தங்கச்சிக்கு,

எனக்கு உன்ன மாதிரி அழகா எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன். அவ குளிக்கப் போயிருக்கா.

நீ கண்டுபிடிச்சது சரிதான். கண்ணுதான். ஜூன்லயே ஆரம்பிச்சிருக்கு. எதைப் பாத்தாலும் நடுவுல ஒரு புள்ளி நிக்குதாம். முதல்ல சின்னது. அதனால ஜூலைல அவளுக்கு எல்லாத் திரையிலயும் புள்ளி தெரிஞ்சுது. வந்ததையெல்லாம் ஒதுக்கி வெச்சா. வேற ஆளு பாத்தா ஒண்ணும் இல்ல. செம திட்டு. அப்பதான் புள்ளி திரையில இல்ல, தன் கண்ணுலன்னு அவளுக்குத் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் புள்ளி தெரிஞ்சா அது நம்ம புள்ளின்னு விட்டுடப் பழகிட்டா. ஆகஸ்ட் பூரா அப்படித்தான். உன்னோட அந்தப் பச்சைப் புள்ளியையும் தன்னோடதுன்னு நெனச்சு விட்டிருப்பா.

டாக்டர்கிட்ட நான்தான் இழுத்துட்டுப் போனேன். விழித்திரையில கோளாறாம். பொறப்புலயே இருந்து இப்ப வெளிய வந்திருக்காம். இந்த வேலையால வந்ததில்லன்னு தெளிவாச் சொல்லிட்டார். உன் காதுல விழுந்தா லேப்டாப்பால வந்துச்சுன்னு உன் மனசு ஒடஞ்சிடும்னு இவ பயந்தா, அதனால இத அழுத்தி எழுதறேன். ஓரமெல்லாம் தெரியும், நடுவு போகுது. மூஞ்சி தெரியாது, காது தெரியும். "ஒன் காது இவ்ளோ பெருசுன்னு இப்பதான்டி பாக்கறேன்"னு என்னையே கிண்டல் பண்றா. சரியாக்க முடியாதுன்னுட்டார்.

அம்மாகிட்ட வருஷக் கடைசியில நேர்ல வந்து தானே சொல்லிக்கிறேங்கறா. அதுவரைக்கும் பெட்டி ஒட்டறா. அதுக்குக் கை போதும்.

நீ அந்த லேப்டாப்பத் திருப்பிக் குடுக்கணும்னா குடு, உன் உரிமை. இவ பேருக்கு ஒரு குறை வரும், வந்தா வரட்டும். ஆனா ஒண்ணு. நீ அனுப்பின இன்னொரு தாளப் படிச்சேன்ல, கீபோர்டு பத்தி, பேட்டரி பத்தி, கீல் சத்தம் பத்திகூட எழுதியிருந்த. இவ எல்லாத்தையும் கேட்டா. அப்புறம் "திரையப் பத்தி ஒண்ணும் எழுதலையேடி"ன்னா. அப்ப இருந்து தெனம் அதேதான். அந்த மாசம் எத்தன தப்பான திரை வெளிய போச்சோன்னு அவளுக்குத் தூக்கமில்ல. மத்ததக்கூட விட்டுடுவா. உன் கைக்கு வந்த ஒண்ணு மட்டும் சரியா இருந்துடணும்னு உயிர விட்டுட்டிருக்கா.

என்ன எழுதறதுன்னு உனக்கே தெரியும்.

மேல்கட்டில்

நவம்பர் 20

என் அன்புள்ள அக்காவுக்கு,

மேல்கட்டில் அக்கா இதை நிதானமாகப் படிக்கட்டும்.

நானும் அம்மாவும் சுகம். அம்மா சாம்பல் லேப்டாப்புக்கு ஓர் உறை தைத்திருக்கிறாள், தேய்த்துத் தேய்த்து அதில் ஒரு சுருக்கம் இல்லை. பள்ளியில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

போன கடிதத்தில் திரையைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. அட்டவணை போடுகிறவளுக்கே ஒரு வரி மறந்தது, பார். இப்போது எழுதுகிறேன். நீ சொன்னபடி ஒவ்வொரு நிறமாகப் போட்டு, விளக்கை அணைத்து, மூலைக்கு மூலை பார்த்தேன். சிவப்பு சரி. பச்சை சரி. நீலம் சரி. வெள்ளையில் நம் வீட்டுச் சுவர் முழுக்க வெளிச்சம். கடைசியாகக் கருப்பு. கருப்பை மட்டும் இரண்டு நாள் பார்த்தேன், அக்கா. ஒரு புள்ளிகூட இல்லை. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "என்னடி காட்டற, ஒண்ணுமே இல்லையே" என்றாள். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் அக்காவின் வேலை என்று சொன்னேன்.

இந்த லேப்டாப் எழுத்தை வாய்விட்டும் படிக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன். தமிழும் படிக்கிறது. 'ழ'வை மட்டும் 'ல' என்கிறது. என் பெயரை 'புலு' என்று கூப்பிடும். நீ வந்து கேட்டால் சிரிப்பாய். வேறு எதற்கும் இதைச் சொல்லவில்லை.

டிசம்பர் முடிவில் வருகிறாய் அல்லவா? எந்தப் பேருந்து என்று எழுதச் சொல். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் நிலையத்துக்கு வருகிறேன். அங்கே கூட்டம் அதிகம், எல்லாரும் எல்லாரையும் தேடிக்கொண்டிருப்பார்கள். நீ தேடாதே. இறங்கியதும் படிக்கட்டுப் பக்கத்திலேயே பையை வைத்துக்கொண்டு நில். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நான் வந்து உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

புழு